முதிர்ந்த வயதும் நான்காம் கற்பனையும்



நம் கடற்கரையில் முத்துக் குளித்ததைக் கண்ணால் கண்டவர்கள் இன்று சிலரே. தூத்துக்குடிப் பார்களில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டு. அன்று இருபது வயது வாலிபனாய்க் கடலில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்த கிழவர். கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தால், மூச்சை அடக்கி ஆழத்துக்குப் போனவரின் உயிர் யார் கையில் இருந்தது? தோணியில் நின்று கயிறு பிடித்தவர் கையில். கயிறு அசைந்தவுடன் அவர் இழுக்க வேண்டும்; அசட்டை செய்தால் ஆள் பிழைப்பதில்லை. ஆகையால்தான் மைத்துனனைக் கயிறு பிடிக்க நிறுத்துவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

முதுமையும் அப்படி ஆழத்தில் இறங்குவதே. அன்று நமக்காகக் கயிறு பிடித்த தாய் தந்தையர் இன்று கீழே இருக்கிறார்கள். கயிறு இப்போது நம் கையில் இருக்கிறது.

முதுமை ஒரே நாளில் வருவதில்லை. முப்பது வயதுக்குப் பின் தசைப் பலம் மெல்லக் குறையத் தொடங்கும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். வலை பொத்த உட்கார்ந்தால் கண்ணி தெளிவாய்த் தெரியாது. பிறகு காதில் கூர்மையான ஒலிகள் விழாமற் போகும். "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்பார்கள். அவர்களிடம் கத்துவதில் பயனில்லை. முகத்துக்கு நேரே நிதானமாய்ப் பேசுங்கள்.

மனத்திலும் மாறுதல் உண்டு. தெரிந்தவர் பெயர் நாவில் வரத் தாமதமாகும்; புதிய காரியம் பழக நாளாகும். ஆனால் பல்லாண்டு சேர்த்த விவேகம் எளிதில் போவதில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அவர்களைக் கேட்டுப் பாருங்கள்! பழகிய தெருவிலே வழி தவறினால், கேட்டதையே ஓயாமல் கேட்டால், வயதுக் கோளாறென்று தள்ளிவிடாதீர்கள். அது நோயாயிருக்கலாம். கோபியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இவை எல்லாவற்றிலும் பெரிய வேதனை ஒன்று உண்டு. நேற்று வீட்டை நடத்தியவர் இன்று திண்ணையில் விருந்தாளி. கல்யாணப் பேச்சில், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று மகன் அடக்குகிறான். சென்னையிலும் அரபு நாட்டிலும் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து பணம் வருகிறது, குரல் வருவதில்லை.

நான்காம் கற்பனை சிறு பிள்ளைகளுக்கு மாத்திரமா கொடுக்கப்பட்டது? தேவ காணிக்கையைச் சாக்குச் சொல்லித் தாய் தந்தையரைக் கைவிட்டவர்களைச் சேசுநாதர் கண்டித்தாரே, அவர்கள் வளர்ந்த மனிதர்கள் அல்லவா? பெற்றோரைப் பராமரிக்க வேண்டுமென்று 2007-ல் நம் நாட்டில் சட்டமே செய்ய வேண்டி வந்தது. சட்டம் ஜீவனாம்சம் வாங்கிக் கொடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேச வைக்குமா?

வயோதிகரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அர்ச். இராயப்பர் நம்மைப்போல் வலை வீசியவர். வாலிபத்தில் தன் இஷ்டப்படி நடந்த அவர், முதிர்ந்த வயதில் கை நீட்டுவார் என்றும், வேறொருவன் அவரைக் கட்டி நடத்துவான் என்றும் சேசுநாதர் முன்னறிவித்தார். அது அவருடைய வேதசாட்சி மரணத்தைக் குறித்த வாக்கு. ஆனாலும் அதைச் சொன்ன பிறகே தம்மைப் பின்செல்லும்படி அவரை அழைத்தார். ஆகையால் கை நீட்டுவது வெட்கமல்ல. கை நீட்டும் வயதிலும் ஆண்டவருடைய அழைப்பு உண்டு.

அவஸ்தைப் பூசுதல் என்றதும் சாவு வந்துவிட்டதென்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் போதித்தது. முதுமையால் மிகத் தளர்ந்தவர்கள் கடும் நோயில்லாமலே அதைப் பெறலாம். நினைவு தப்புமுன் குருவானவரை அழையுங்கள்.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ல் ஜூலை மாதத்து நான்காம் ஞாயிற்றை முதியோர் நாளாக ஏற்படுத்தினார். ஆனால் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்று பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும், தகப்பனார் அல்லது தாயார் அருகில் அரைமணி நேரம் உட்காருங்கள். ஒரு காரியத்தில் அவர்கள் யோசனையைக் கேளுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கயிறு அசைகிறது. மேலே நிற்பவர் நாம். ஒருநாள் நாமும் இறங்குவோம். அன்று நம் கயிற்றைப் பிடிக்கப்போகும் பிள்ளைகள், நாம் இன்று பிடிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆமென்.