கேட்க ஒருவர்

லவ்டேல் ரயில் நிலையத்துக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே செல்லும் பாதையில் எங்கள் வரிசை வீடுகள். மே மாதக் காலை ஒன்றில், பக்கத்து வீட்டுக்காரர் பிக்கப் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து கேரட்டும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு இரவு இரண்டு மணிக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்புகிறவர் அவர். என்னைப் பார்த்ததும் துணியைப் பிழிந்து வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணா, பாப்பா விஷயமா ஒரு வார்த்தை கேக்கணும். நீங்க சொன்னா அவ கேப்பா."

பாப்பாவுக்கு இருபத்தொரு வயது. கோவை அரசு இசைக்கல்லூரியில் வாய்ப்பாட்டு முடித்திருக்கிறாள். இப்போது அவள் முன்னால் இரண்டு காகிதங்கள். ஒன்று, சென்னையில் எம்.ஏ. இசைக்கான விண்ணப்பம். இன்னொன்று, மலையிலேயே ஒரு தனியார் பள்ளியில் இசை ஆசிரியர் வேலை, மாதம் 14,000 ரூபாய். வண்டிக்கு வாங்கிய கடன் இன்னும் மூன்று வருடம் ஓடும். தம்பி பிளஸ் டூ.

"படிப்பா வேலையான்னு நீங்களே சொல்லிடுங்கண்ணா" என்றார். நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு நாட்களில் யோசித்தது.

இந்தக் கேள்வியை நாம் வழக்கமாகக் கலையா சோறா என்று கேட்டுக்கொள்கிறோம். அப்படிக் கேட்ட உடனே பதில் பாதி முடிவாகிவிடுகிறது. கலை பக்கம் நிற்பவர் லட்சியவாதி, சோற்றுப் பக்கம் நிற்பவர் பொறுப்பானவர். இருவருமே நல்லவர்கள் என்பதால் விவாதம் அங்கேயே நின்றுபோகிறது.

தத்துவத்தில் இதற்குக் கறாரான ஒரு பதில் உண்டு. இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் கடமைக்கு நான்கு உதாரணங்கள் தருகிறார். மூன்றாவது உதாரணம், தன்னிடம் ஒரு திறமை இருப்பதை அறிந்தும் அதை வளர்க்காமல் சுகமாக இருந்துவிடலாம் என்று நினைக்கும் மனிதன். அது தவறு, திறமையை வளர்ப்பது மனிதன் தனக்குத் தானே செய்யவேண்டிய கடமை என்கிறார் காண்ட். கல்லூரியில் படித்தபோது எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. இப்போது மறுபடி யோசிக்கையில் ஒன்று கண்ணில் படுகிறது. காண்ட் சொல்லும் ஆள் வசதியான நிலையில் இருப்பவன். அவன் திறமைக்கு எதிரே நிற்பது சோம்பல். பாப்பாவின் திறமைக்கு எதிரே நிற்பது அப்பாவின் இரவு இரண்டு மணி. சோம்பலைக் கண்டிக்க எழுதிய வாதத்தைக் கொண்டுவந்து ஒரு கடன்காரரின் மகளைக் கண்டிக்க முடியாது.

ஆனால் காண்ட் சொன்னதை அப்படியே தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. காலை ஐந்து மணிக்கு, இந்தக் குளிரில் தொண்டை திறக்கவே அரை மணி நேரம் ஆகும்போது, அவள் போனில் தம்பூரா செயலியைப் போட்டுக்கொண்டு மந்தர ஸ்தாயியில் நின்று நின்று பாடுவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான்கு வருடமாகக் கேட்டவன் நான். அது வீணாகப் போனால் ஏதோ ஒரு தப்பு நடந்துவிட்டது என்றுதான் தோன்றும். யார் செய்த தப்பு என்பதுதான் தெரியாது.

சரி, இரண்டு காகிதங்களையும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

எம்.ஏ. என்றால் இரண்டு வருடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைக்குத் தனித் துறையே இருக்கிறது. முதுகலையோடு நெட் அல்லது செட் தேர்வும் முடித்தால் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். எனவே அந்தப் பட்டத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அது ஒரு கதவின் சாவி. கதவுக்குப் பின்னால் எத்தனை நாற்காலி காலியாக இருக்கிறது என்பது வேறு விஷயம். அவள் வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது. பெண் படித்துக்கொண்டிருக்கும் வரை கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும். இந்த நாட்டில் எத்தனையோ பெண்களுக்கு முதுகலை என்பது இரண்டு வருடச் சுதந்திரத்தின் இன்னொரு பெயர். அதைக் குறைவாகப் பேச எனக்கு உரிமை இல்லை.

பள்ளி வேலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் பள்ளி இசை ஆசிரியரின் நிலைமைக்கு ஒரு கணக்கு சொன்னால் போதும். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், இசை போன்ற பாடங்களுக்கு மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பன்னிரண்டு வருடத்தில் அது 12,500 ஆனது. அதற்குள் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு எத்தனையோ முறை சென்னையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தனியார் பள்ளியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. காலை வழிபாட்டுப் பாட்டு, ஆண்டுவிழா நடனத்துக்குப் பாட்டு, விருந்தினர் வந்தால் வரவேற்புப் பாட்டு. நாள் முழுக்கப் பாடிவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்கு மாலையில் ஒரு ராகத்தை எடுத்து உட்காரத் தொண்டையும் இருக்காது, ஆசையும் இருக்காது. இசை வேலையே இசையைத் தின்றுவிடுவது உண்டு.

இங்கேதான் எனக்கு எங்கள் மலையின் கோத்தர்கள் நினைவுக்கு வந்தார்கள். கோக்கால் என்று அழைக்கப்படும் ஏழு ஊர்களில் வாழும் சிறிய பழங்குடி. கொல்லர்கள், குயவர்கள், இசைக்காரர்கள். படகர் வீட்டு இழவுக்குக் கோத்தர் வந்து வாசிக்க வேண்டும், அதற்குப் படகர் தானியம் தர வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக இருந்த ஏற்பாடு. நாதசுரம் போன்ற கொள் என்னும் குழல், வளைந்த கொம்பு, பறைகள். அதாவது இசை அவர்களுக்கு வேலையாகவும் இருந்தது.

1930களில் அந்த ஏற்பாடு உடைந்தது. படகர்களுக்குள்ளேயே கோத்தர் இசை வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் இரண்டு கட்சிகள் உருவாயின. கோத்தர் தரப்பில், பள்ளியில் படித்து ஆசிரியரான சுல்லி என்பவர் சீர்திருத்தம் பேசினார். அடுத்தவர் இழவில் போய் வாசிப்பது நம்மைக் கீழே வைக்கிறது, நிறுத்துவோம் என்றார். மானுடவியலாளர் டேவிட் மண்டல்பாம் அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கூலிக்கு வாசிப்பது சுதந்திர மனிதனுக்குத் தகாது என்று அரிஸ்டாட்டில் 'அரசிய'லின் எட்டாம் புத்தகத்தில் சொன்னதை, அதைப் படிக்காமலேயே இந்த மலையில் ஒருவர் தன் அனுபவத்திலிருந்து சொன்னார். ஒரு வித்தியாசம், அரிஸ்டாட்டில் மேலே இருந்துகொண்டு சொன்னார். சுல்லி கீழே வைக்கப்பட்ட இடத்திலிருந்து சொன்னார்.

இசை வேலை போனது. இசை போனதா என்றால், இல்லை. இன்று கோத்தர்களில் வங்கியில் இருப்பவர்கள் உண்டு, அரசு அலுவலகத்தில் இருப்பவர்கள் உண்டு. குளிர்காலத்தில் தங்கள் கடவுளுக்கு எடுக்கும் பெரிய திருவிழாவுக்கு ஊர் திரும்பி, கொள்ளும் பறையுமாக வாசிக்கிறார்கள், சுற்றி ஆடுகிறார்கள். வயிற்றுப்பாட்டை வேறு இடத்தில் வைத்துவிட்டு இசையைத் தங்கள் கடவுளுக்கும் தங்கள் சாவுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

உடனே, பாட்டுக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போ, இசையை மாலைக்கு வைத்துக்கொள் என்று பாப்பாவிடம் சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் என் கதை குறுக்கே வந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எட்டு வருடம் மிருதங்கம் கற்றவன் நான். வங்கி வேலை கிடைத்து மலை ஏறினேன். வேலை கடினமில்லை, மாலை ஐந்தரைக்குப் பிறகு நேரம் என்னுடையது. முதல் வருடம் தினமும் ஒரு மணி நேரம் வாசித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு மழையில் தோல் இறங்கிவிட்டது என்ற சாக்கு. இன்று அது கோணிப் பைக்குள் பரண்மேல் இருக்கிறது. வேலை என் நேரத்தைத் தின்றது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நான் வாசிக்கிறேனா இல்லையா என்று கேட்க இந்த ஊரில் ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். கோத்தர் வங்கி ஊழியர் திருவிழாவுக்குப் போகாவிட்டால் ஊரே கேட்கும், ஏன் வரவில்லை என்று. நான் வாசிக்காத முதல் நாள் யாருக்கும் தெரியவில்லை, ஆயிரமாவது நாளும் தெரியவில்லை.

இந்த இடத்துக்கு வந்த பிறகு, நமக்குத் தெரிந்த பெரியவர்களின் வாழ்க்கையும் வேறு மாதிரி தெரிந்தது. எம்.டி. ராமநாதன் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கியவர். அந்தக் காலத்தில் அந்தப் பட்டத்துக்கு வேலை கிடைத்திருக்கும். அவர் 1940களில் சென்னைக்கு வந்து கலாக்ஷேத்ராவில் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். படிப்பைத் தேர்ந்தெடுத்தார் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அங்கே அவர் போய்ச் சேர்ந்தது டைகர் வரதாச்சாரியாரிடம். 1950இல் டைகர் மறையும் வரை, தன் பாட்டைக் கேட்கும் ஒரு காது அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

சஞ்சய் சுப்ரமண்யன் நேர் எதிர்த் திசையில் போனவர், பட்டயக் கணக்கராகத் தேறியவர். இசைக்கு எம்.ஏ. இல்லை. ஆனால் கல்கத்தா கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி போன்ற ஆசிரியர் இருந்தார். 1985இல் சென்னையில் இளைஞர்கள் தாங்களே ஆரம்பித்த இசைச் சங்கத்தில், ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டுக் கிழித்துத் தொங்கவிடும் சகவயது நண்பர்கள் இருந்தார்கள். 2015இல் சங்கீத கலாநிதி. ஒருவர் படித்தார், ஒருவர் வேலைக்கான தகுதியை வாங்கிவைத்தார், இருவருக்கும் பொதுவாக இருந்தது காத்திருந்து கேட்ட காதுகள்.

எழுத்தை எழுதி வைத்துவிட்டு எப்போதாவது ஒருவர் படிக்கட்டும் என்று விடலாம். பாட்டு அப்படி இல்லை. சுருதி விலகினால் முகம் சுளிக்க எதிரே ஒருவர் வேண்டும். நாளடைவில் அந்த முகம் நமக்குள்ளேயே குடியேறிவிடும் என்கிறார்கள். குடியேறும்வரை வெளியே இருந்தாக வேண்டும்.

ஆகவே திறமையை வளர்ப்பது ஒருவர் தனக்குச் செய்யும் கடமை என்று மட்டும் சொன்னால் போதாது என்று நினைக்கிறேன். கேட்கிறவர்களுக்கும் அதில் பாதிக் கடமை உண்டு. அந்தப் பாதியை நாங்கள் யாரும் செய்யாமல், முழுச் சுமையையும் இருபத்தொரு வயதுப் பெண்ணின் தலையில் வைத்து "படிப்பா வேலையா, நீயே முடிவு பண்ணு" என்று கேட்கிறோம். சுவருக்கு இந்தப் பக்கம் நான்கு வருடம் கேட்ட நான், நேற்றுவரை ஒரு நாளாவது அவளிடம் "அந்த பைரவி நல்லா வந்துச்சும்மா" என்று சொன்னதில்லை.

மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பள்ளி வேலையை மட்டும் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். சென்னையில் யாரிடம் பாடம் என்று விசாரி, பட்டத்துக்காக மட்டும் என்றால் கடன் வாங்காதே, உன்னை உட்காரவைத்துக் கேட்கிற ஒருவர் அங்கே இருந்தால் கடன் வாங்கியாவது போ என்றேன். இல்லையென்றால் எந்த வேலையும் பார், ஆனால் வாரம் ஒரு நாளாவது உன்னைக் கேட்கிற ஆளை முதலில் பிடி, பிறகு சம்பளத்தைப் பேசு என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோயமுத்தூர்ல எங்க மிஸ் இருக்காங்க மாமா. ரிட்டயர்ட் ஆகிட்டாங்க. வாரா வாரம் வர்றியான்னு போன மாசமே கேட்டாங்க. நான்தான் பஸ் காசை நெனச்சு ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"இதை ஏன் பாப்பா வீட்ல சொல்லல?" என்றார் அப்பா.

அவள் பதில் சொல்லவில்லை. அவர் எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் புரட்டினார். "வெள்ளிக்கிழமை ராத்திரி லோடு எப்படியும் மேட்டுப்பாளையம் போகுது. விடிஞ்சதும் அங்கிருந்து கோயமுத்தூர் பஸ் ஏத்தி விட்டுடறேன். முன் சீட்டு காலியாத்தான் வருது" என்றார்.

சென்னை விண்ணப்பம் மேசைமேல்தான் இருந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்.