கடலம்மாவின் தீர்ப்பும் பரீக்குட்டியின் கடனும்

நாவலில் வரும் நீரை இரண்டு வகையாக வாசிப்பதே நமக்குப் பழக்கம். கழுவும் நீர், தண்டிக்கும் நீர். ஆறு வந்தால் தூய்மை, மழை வந்தால் றஹ்மத், கடல் பொங்கினால் கோபம் என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது போதுமாக இருக்கலாம். கல்குடாப் பக்கத்தில் ஒரு புறம் கடலையும் மறு புறம் வாழைச்சேனை ஆற்றையும் வைத்துக்கொண்டு வாழ்கிறவனுக்கு இது போதாது. தண்டிக்கும் நீர் என்று சொன்னவுடனேயே தண்டிக்கப்பட்டவர் குற்றவாளியாகிவிடுகிறார். அந்தக் குற்றத்தை எழுதியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியோடு நான் திரும்பத் திரும்பப் போகும் நாவல் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்'. மலையாளத்தில் 1956ஆம் ஆண்டு வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. 1965இல் ராமு காரியாத் அதைப் படமாக்கிய பிறகு, கதையைப் படிக்காதவர்களுக்கும் கறுத்தம்மாவையும் பரீக்குட்டியையும் தெரிந்துவிட்டது. ஒரு முஸ்லிம் மீன் வியாபாரியும் ஒரு மரக்காத்திப் பெண்ணும் காதலித்து அழிந்த கதை என்றுதான் பொதுவாக ஞாபகம் வைத்திருக்கிறோம். நம்மவர்கள் அதைப் பற்றிப் பேசத் தயங்குவதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நாவலின் நடுவே நிற்பது கடலம்மா. ஆண் தோணியேறிப் போனால் அவனுடைய உயிர் கரையில் இருக்கும் பெண்ணின் ஒழுக்கத்தில் தங்கியிருக்கிறது என்பது அந்தக் கரையின் சட்டம். அவள் தவறினால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள். கறுத்தம்மாவின் தாய் சக்கி இதை மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறாள். கடைசியில் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் சந்திக்கும் இரவில் அவளுடைய கணவன் பழனி சுறாவோடு போராடிச் சுழியில் அகப்பட்டுப் போகிறான். இருவருடைய உடல்களும் கரையொதுங்குகின்றன. ஆக, கடலம்மா தீர்ப்பளித்துவிட்டாள். மேலோட்டமாகப் பார்த்தால் நாவல் இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்வது போலவே முடிகிறது. மீனவ மக்களின் நம்பிக்கையைத் தகழி மிகைப்படுத்திவிட்டார் என்ற விமர்சனமும் உண்டு.

ஆனால் தகழி கெட்டிக்காரர். தீர்ப்பை ஒரு கையால் எழுதிக்கொண்டே மறு கையால் அதற்கு எதிரான சாட்சியங்களையும் எழுதி வைத்திருக்கிறார். பழனி ஏன் அந்த இரவில் தனியாகப் போனான் என்று பாருங்கள். அவன் நல்ல தொழில்காரன், தோணியில் அமரம் பிடிக்கத் தெரிந்தவன். மனைவியைப் பற்றி ஊரில் பரவிய பேச்சினால் கூட்டாளிகள் அவனைத் தங்கள் தோணியில் ஏற்ற மறுக்கிறார்கள். அவளால் கடல் கோபிக்கும், அவனோடு சேர்ந்து நாமும் சாவோம் என்ற பயம். ஆகவே சிறிய தோணியில் தூண்டிலோடு தனியே போகிறான். பக்கத்தில் ஒரு துணை இருந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடும். பழனியைக் கொன்றதில் சுழிக்கு எவ்வளவு பங்கோ, அந்த நம்பிக்கைக்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது. கடலம்மா கொல்வாள் என்று பயந்தவர்கள் அந்தப் பயத்தாலேயே ஒருவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு சாட்சியம் கடன். கறுத்தம்மாவின் தகப்பன் செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்குவது பரீக்குட்டியின் பணத்தில். எழுத்தில்லை, சாட்சியில்லை. மகள்மீது அந்தப் பையனுக்குள்ள பிரியத்தை அறிந்தே கை நீட்டி வாங்குகிறான். திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்கவில்லை. பரீக்குட்டி நொடிந்து போகிறான். அந்தப் பணம் வீட்டிலிருந்து போனால்தான் நிம்மதி என்று தவிப்பவள் கறுத்தம்மா ஒருத்திதான். இத்தனைக்கும் கடலம்மாவின் சட்டத்தில் கடனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! கரையில் நிற்கும் பெண்ணின் நடையை அளக்கும் கடல், அடுத்தவன் முதலில் வாங்கிய தோணியைத் தன்மேல் ஓட விடுகிறது. அந்தத் தோணிக்கு மீனும் கொடுக்கிறது. ஒரு குறியீடு எதைப் பார்க்கிறது என்பதோடு எதைப் பார்க்க மறுக்கிறது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. வாழைச்சேனையில் மீன் வியாபாரியும் மீனவனும் முற்பணம் கொடுத்து வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் கூடுதலாகவே சுடும்.

நம்முடைய மரபை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் ஒன்று ஷஹீதுகளின் பட்டியலைத் தருகிறது. கொள்ளை நோயில் இறந்தவர், வயிற்று நோயில் இறந்தவர், நீரில் மூழ்கி இறந்தவர், இடிபாட்டில் இறந்தவர் எல்லோரும் அதில் வருகிறார்கள். நீரில் போனவரின் மனைவி எப்படிப்பட்டவள் என்று அந்தப் பட்டியல் விசாரிக்கவில்லை. அதேவேளை ஷஹீதுக்கும் மன்னிக்கப்படாத ஒன்றாகக் கடனை வேறொரு ஹதீஸ் சொல்கிறது. கடனோடு இறந்தவரின் ஜனாஸாத் தொழுகையை நடத்த நபியவர்கள் தயங்கியதும், அபூ கதாதா அந்தக் கடனைத் தான் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்ததும் நாம் அறிந்ததே. கடலம்மாவின் சட்டம் இங்கே அப்படியே தலைகீழாக நிற்கிறது. மூழ்கியவர் கண்ணியத்தோடு போகிறார், கடன் மட்டும் கரையில் காத்திருக்கிறது.

இப்படிப்பட்ட மரபுக்கு உரியவர்களாகிய நாம் 2004க்குப் பிறகு என்ன பேசினோம்?

டிசம்பர் 26, ஞாயிறு காலை. கல்குடாவும் பாசிக்குடாவும் உட்படக் கிழக்குக் கரை முழுவதையும் கடல் அடித்துக்கொண்டு போனது. நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மையித்துகளை அடக்கி முடிப்பதற்குள்ளேயே காரணம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வட்டி பெருகியதால் வந்தது, சினிமாவால் வந்தது, பெண்களின் உடையால் வந்தது. அந்த மாதங்களில் ஒரு குத்பாவில் நானே இதைக் கேட்டேன். முன் ஸப்பில் இருந்தவர்களில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த வாப்பாமாரும் இருந்தார்கள். மற்ற மதத்தவர்களும் தங்கள் தங்கள் மொழியில் இதையேதான் பேசினார்கள். செம்மீனின் கரைக்கும் எங்கள் கரைக்கும் அன்று அதிக தூரம் இருக்கவில்லை.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பை நான் அறிவேன். நூஹ் நபியின் பிரளயம், பிர்அவ்ன் மூழ்கியது இவையெல்லாம் குர்ஆனில் உள்ளவை அல்லவா? உள்ளவைதான். அங்கே இன்னது இன்னாருக்கான தண்டனை என்று சொன்னவன் அல்லாஹ். 2004ஆம் ஆண்டின் அலைக்கு வஹீ எதுவும் இறங்கவில்லை. தன் கண் முன்னே மகன் மூழ்கியபோது வாய் திறந்த நூஹ் நபிக்கே, உமக்கு அறிவில்லாத ஒன்றைக் கேட்காதீர் என்ற கருத்தில்தான் பதில் வந்தது. நபிக்குக் கொடுக்கப்படாத அறிவு எங்கள் மிம்பர்களுக்கு எங்கிருந்து வந்தது? பிர்அவ்னை மூழ்கடித்த அதே நீர்தான் அதற்கு முன்னர் ஒரு தாய் மிதக்கவிட்ட பேழையைப் பத்திரமாகச் சுமந்து சென்றது. வேதத்தில்கூட நீருக்கு ஒரே பொருள் கிடையாது.

செம்மீனில் கடலம்மா கடனை மறைத்தது போல இங்கும் ஒன்று மறைந்தது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் அலை எங்கள் கரைக்கு வந்தது. இந்து சமுத்திரத்துக்கென்று அன்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. பசுபிக்கில் பல தசாப்தங்களுக்கு முன்பே இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலங்கள் யாரோ எங்களுக்குத் தர வேண்டியிருந்தவை. அம்பாறை மாவட்டத்து முகாம்களில் பின்னர் செய்யப்பட்ட ஆய்வொன்று, ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம் இறந்திருந்ததைக் காட்டியது. அலை வந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தது அதற்கொரு காரணம். நீந்தத் தெரியாததையும் நான் சேர்த்துக்கொள்வேன். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே பிறக்கிற எங்கள் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தக் கற்றுக் கொடுத்திருக்கிறோம்? பாசிக்குடாவில் வெகு தூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான் தண்ணீர். கற்றுக் கொடுக்க இதைவிட வாய்ப்பான கடல் இலங்கையில் இல்லை. அதிகம் இறந்தவர்கள் பெண்கள், அலைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவர்களும் பெண்கள். சக்கி மகளுக்குச் சொன்ன சட்டம்தான் இது, மொழி மட்டும் நம்முடையது.

அந்தச் சட்டம் ஒரு நாள் நம் சமூகத்தின் பக்கமே திரும்பியது. 2020இல் கொவிட் வந்தபோது உலக சுகாதார நிறுவனம் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தது. இலங்கையில் அந்த ஏப்ரலில் வெளியான வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். மையித்தைப் புதைத்தால் நீர் நஞ்சாகிவிடும் என்றார்கள். விஞ்ஞானத்தின் உடுப்பைப் போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது பழைய கடலம்மாதான்: தூய்மையான நீர், அதைக் கெடுக்கும் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு ஒரு தண்டனை. பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையின் உடலும் அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. கொள்ளை நோயில் இறந்தவரையும் நீரில் மூழ்கியவரையும் ஒரே ஹதீஸ் ஒரே வரிசையில் வைத்திருப்பதன் பொருளை நான் அப்போதுதான் உணர்ந்தேன். ஊர் விரல் நீட்டிச் சந்தேகிக்கும் சாவுகள் அவை. அவற்றுக்கே அங்கே கண்ணியம் முதலில் கொடுக்கப்படுகிறது.

2021 பெப்ரவரியில் தடை நீங்கியது. முதலில் இரணைதீவைச் சொன்னார்கள், அங்குள்ள மீனவ மக்கள் எதிர்த்தார்கள். எரிச்சலோடு அவர்களைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. பல வருடம் இடம்பெயர்ந்திருந்து திரும்பிய மக்களிடம், நாட்டின் நீரைக் கெடுக்கும் என்று தான் சொன்ன உடல்களை அரசு கொண்டுபோய் இறக்கப் பார்த்தால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? கடைசியில் நிலம் கொடுத்தது எங்கள் பகுதி. ஓட்டமாவடிக்கு அப்பால் மஜ்மா நகரில் மார்ச் 5ஆம் திகதி முதல் அடக்கம் நடந்தது. ஆண்டு ஒன்று முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 3,000ஐத் தாண்டிவிட்டது. முஸ்லிம்கள் மட்டுமல்லர், ஏனைய மதத்தவர்களும் அந்த மண்ணில் இருக்கிறார்கள். சுற்றியுள்ள ஊர்கள் அந்த நிலத்தடி நீரைத்தான் குடித்தன, இப்போதும் குடிக்கின்றன. கட்டாயமாக எரித்ததற்கு மன்னிப்புக் கோர 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது.

மன்னிப்பு வந்துவிட்டது, இனி என்ன என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குப் பரீக்குட்டி ஞாபகம் வருகிறான். அவனைப் பாவியென்று சொல்ல நம்மில் பலர் தயாராக இருக்கிறோம், அதற்கு ஆதாரங்களும் இருக்கலாம். நாவலின் கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு மையித்து. அவனுக்காக அந்தக் கரையில் யாராவது தொழுதார்களா என்று தகழி எழுதவில்லை, அவருக்கு அது தோன்றாமலும் இருந்திருக்கலாம். நமக்குத் தோன்ற வேண்டும். ஜனாஸாவின் முன்னால் நின்று, இவர் யாருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது நம் வழக்கம். இவருக்கு யாராவது கொடுக்க வேண்டியது இருக்கிறதா என்ற கேள்வியை நான் இதுவரை எந்த மையவாடியிலும் கேட்டதில்லை.