கோயிலைச் சேர்ந்தவர் யார்?



திருவிழாக் கொடி ஏறும் காலம் நெருங்கினால் நம் ஊர்களில் ஒரு பேச்சு எழும். "இன்னார் வீடு நம் கோயிலைச் சேர்ந்ததுதானா?" என்று. ஒருவர் வரிக் கணக்கைப் புரட்டி, "மூன்று வருஷமாய்த் தலைக்கட்டு வரி பாக்கி" என்பார். மற்றொருவர், "அவர்கள் பிழைக்க வந்தவர்கள்தானே? அவர்கள் பாட்டனுக்கு இங்கே கல்லறை உண்டா?" என்பார். வேறொருவர், "போன பாஸ்குவில்தானே ஞானஸ்நானம் பெற்றார்கள்? அதற்குள் தேருக்குத் தோள் கொடுக்க வரலாமா?" என்பார். சிறிய பேச்சாய்த் தோன்றினாலும் இதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒருவர் திருச்சபையைச் சேர்ந்தவராவது எதனால்? இந்த வாரம் இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில் வரி. கோயிலுக்கு வெள்ளையடிக்கவும் விளக்கேற்றவும் பணம் வேண்டும். திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை. கொடுக்கக்கூடியவன் கொடாமல் ஒளிவது நியாயமல்ல. ஆனால் கடமை வேறு, பிறப்புரிமை வேறு. மகன் தாய் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுவது கடமை. வாங்கிப் போடாத மாதத்தில் அவன் மகனல்ல என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். நடவுக் கூலியையும் அறுப்புக் கூலியையும் நம்பியிருந்த வீடுகளில், இயந்திரங்கள் வயலில் இறங்கிய பின் வேலை நாட்கள் குறைந்துபோனதை நீங்களே அறிவீர்கள். அவ்வீடுகளில் வரி பாக்கி நிற்பது விசுவாசக் குறைவினால் அல்ல. ஏழ்மையின் காரணமாக ஒருவருக்கும் தேவதிரவிய அனுமானங்களோ முறையான அடக்கமோ இல்லாமற் போகக்கூடாதென்று 1983-ம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதிக்கிறது. வரி பாக்கிக்காகச் சாவு மணி அடிக்காதே என்று சொல்பவன், கோயிலைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கோயிலின் சட்டத்தையே மீறுகிறான்.

அடுத்தது பாட்டன் கல்லறை. முன்னோர் கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய கோயில் என்ற நன்றியுணர்வு நல்லதே. ஆயினும் பங்கு என்பது பரம்பரைச் சொத்தன்று. பங்கின் எல்லைக்குள் நிலையாய்த் தங்கும் எண்ணத்தோடு குடியேறியவர், அல்லது ஐந்து ஆண்டுகள் முழுமையாய் அங்கே வாழ்ந்தவர், அந்தப் பங்கைச் சேர்ந்தவர். மூன்று மாதம் தங்குகிறவருக்குங்கூட அவ்விடத்துப் பங்குச் சாமியாரே சாமியார் என்பது சட்டம். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன நம் பிள்ளைகளை அங்குள்ள கோயில்கள் அந்நியராய் நடத்தினால் நமக்கு மனம் நோகாதா? நம் பிள்ளைகளுக்கு எந்த அளவையைக் கேட்கிறோமோ, அதே அளவையால் நம் ஊருக்கு வந்தவர்களுக்கும் அளப்போம்.

அப்படியானால் ஒருவரைத் திருச்சபையில் சேர்ப்பது எது? ஞானஸ்நானம். அது சங்கத்தில் பெயர் பதிவதைப் போன்றதல்ல, பிறப்பைப் போன்றது. பிறந்தவனைப் பிறக்காதவனாக்க ஒருவராலும் ஆகாது. ஆகையால்தான் தென்னிந்தியத் திருச்சபையிலோ லுத்தரன் திருச்சபையிலோ முறைப்படி ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் நம்மிடம் வரும்போது அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தை அறிக்கையிடச் செய்து ஏற்றுக்கொள்கிறோம்.

ஞானஸ்நானம் பெறாத வயதுவந்தோருக்கு வழி இது. தாமாக, முழு மனதோடு கேட்கவேண்டும். வற்புறுத்தி ஒருவரையும் கொண்டுவரக்கூடாது. பிறகு ஞான உபதேசம் கற்று, பூசைக்கு வந்து, கிறிஸ்தவ ஒழுக்கத்தில் பழகவேண்டும். தபசுகாலத்தில் கடைசி ஆயத்தம். பாஸ்குத் திருவிழிப்பு இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திவ்விய நற்கருணை மூன்றையும் பெறுவார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விருப்பப்படி இச்சடங்கு முறை 1972-ல் புதுப்பித்து வெளியிடப்பட்டது. ஆயத்த காலத்திலேயே அவர்களைத் திருச்சபை தன்னவர்களாய்ப் பாவிக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறக்க நேர்ந்தாலும் கிறிஸ்தவ அடக்கம் கொடுக்கிறது.

இனி மூன்றாவது பேச்சு: "நேற்று வந்தவர்." அர்ச். தேவசகாயத்தை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர். 1745-ம் ஆண்டு மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். நான்கு வருஷத்தில் சிறை. 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் உயிர் கொடுத்தார். கிறிஸ்தவராய் அவர் வாழ்ந்தது ஏழு வருஷங்கூட நிரம்பவில்லை. நம் தலைக்கட்டுக் கணக்கில் அவரும் நேற்று வந்தவரே! 2022 மே 15-ல் திருச்சபை அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் தந்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டே தந்தது.

அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் நடந்ததையும் கேளுங்கள். 1872-ல் எழுந்த கோயிலை, சாதிக்கொரு பக்கமாய் இரண்டு கிளையாகப் பிரித்துக் கட்டினார்கள். பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, முழங்காலிடும் இடம் மட்டும் இரண்டு! தேவசகாயம் எந்த ஊரில் சகோதரரைப் பெற்றாரோ, அந்த ஊரிலேயே சகோதரரைக் காணாதிருக்கச் சுவர் வைத்தார்கள். 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போயும் சுவர் திரும்பி வரவில்லை. அது அந்த ஊர்க் கதை என்று நாம் கடந்து போகலாகாது. செங்கல் சுவர் இல்லாத ஊரில் வரிக் கணக்கே சுவராக நிற்கலாம். தேர் போகாத தெரு சுவராக நிற்கலாம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தாழ்த்தப்பட்ட இந்து சமூகத்தில் பிறந்த ஒருவர் கிறிஸ்தவரானால், 1950-ம் ஆண்டின் ஜனாதிபதி ஆணைப்படி அட்டவணைச் சாதிக்குரிய சலுகைகளை இழக்கிறார். 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்தச் சலுகைகள் விரிவாக்கப்பட்டன, கிறிஸ்தவருக்கு இல்லை. இந்த நஷ்டத்தை அறிந்தே ஒருவர் ஞானஸ்நானத் தொட்டியண்டை வருகிறார். அவர் வெளியே இழந்தது போதாதென்று உள்ளேயும் இழக்கவேண்டுமா?

நாம் காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். தலைமடைக்காரன் தன் வயல் நிறைந்ததும் மடையைத் திறந்துவிட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர். மேட்டூரில் அணை திறந்தாலும், நடுவே ஒருவன் அடைத்துக்கொண்டால் தலைஞாயிற்றுப் பக்கத்துப் பயிர் காயும். தலைமடைக்காரன் அந்தத் தண்ணீரை உண்டாக்கினவனல்ல. அவன் வயல் முன்னால் இருக்கிறது, அவ்வளவே. முன்னால் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களும் அப்படித்தான். தேவ இஷ்டப்பிரசாதம் நம் வயல் வழியாய்ப் பாய்ந்தது, நம்மோடு நிற்பதற்காக அல்ல.

ஆகவே முதல் கேள்வியைத் திருப்பி நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஞானஸ்நானம் பெற்றும் சிநேகத்தில் நிலைத்திராதவன், உடலால் மாத்திரம் திருச்சபையில் இருக்கிறான், உள்ளத்தால் இல்லை என்று 1964-ல் வத்திக்கான் சங்கம் எச்சரித்தது. வரிக் கணக்கில் பாக்கியில்லாதவனுக்கும், பாட்டன் கல்லறைக்கு வருஷந்தோறும் பூப்போடுகிறவனுக்கும், சாமியாருக்கும் இது பொருந்தும். அடுத்த வீட்டானைத் தள்ளிவைக்கும்போது நாம் எதைச் சேர்ந்தவர்களாகிறோம்?

பங்குக்குப் புதிதாய்க் குடிவந்தவர்கள், முந்திய பங்கிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழைப் பெற்றுவந்து குடும்பக் கணக்கில் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ஞான உபதேசம் கற்க விரும்புகிறவர்கள் ஞாயிறு பூசைக்குப் பின் என்னையோ உபதேசியாரையோ காணலாம். பழைய குடும்பத்தாருக்கும் ஒரு வேலை உண்டு: அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் புறப்படும்போது, இதுவரை நீங்கள் கூப்பிடாத ஒரு வீட்டின் வாசலில் நின்று, "வாருங்கள், சேர்ந்து போகலாம்" என்று கூப்பிடுங்கள்.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி