மனுதாரர் யார்?

காலநிலை மாற்றத்தின் மீது நடவடிக்கை எடுக்கும்படி அரசைக் கட்டாயப்படுத்த நீதிமன்றத்துக்குப் போகலாமா? பெண்கள் கூடிப் பேசும் அரங்குகளில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. தேர்தலுக்குத் தேர்தல் கணக்குப் போடும் அரசுகள் முப்பது ஆண்டுகள் கழித்து வரப்போகும் வறட்சிக்காகக் கவலைப்படாது, ஆகவே போகத்தான் வேண்டும் என்பது ஒன்று. நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத நீதிபதிகளின் கையில் நாட்டின் மின்சாரத்தையும் காட்டையும் ஒப்படைப்பது மக்களாட்சி ஆகாது, ஆகவே போகக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே அரசையும் நீதிபதியையும் மட்டும் பார்க்கின்றன. மனு யார் பெயரில் போகிறது, உத்தரவு யார் வாசலில் வந்து விழுகிறது, தீர்ப்பு வரும்வரை காத்துக் கிடப்பது யார் என்பவை விவாதத்துக்குள் வருவதில்லை. இவற்றை வெள்ளிமலையிலிருந்து கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. சுற்றியிருக்கும் சிற்றூர்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் இந்த மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில்தான் இருந்தது. அரசு நிர்வாகம் இங்கே ஏறி வந்தது 1976ல். அதற்கு 48 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் மாதம், மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்குப் பதிவு செய்தது. நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு சாலை, போக்குவரத்து, பள்ளி, மருத்துவம், குடும்ப அட்டை என ஒவ்வொன்றாக அரசிடம் விளக்கம் கேட்டது.

நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். எண்ணிக்கையில் சிறியவர்களின் குரல் வாக்குப்பெட்டியில் கரைந்துபோகும். வழக்கு என்று வந்துவிட்டால், ஒரே ஒரு மனுவாக இருந்தாலும் அரசு பதில் சொல்லியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பதிலே கிடைக்காதவர்களுக்கு அந்தக் கட்டாயம் சின்ன விஷயமில்லை. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு நீதிமன்றத்தின் மக்களாட்சித் தகுதியை அலசுவது எளிது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு நடந்து வர வேண்டியிருக்கும் ஊரில், யார் கேட்டால் அரசு அசைகிறதோ அவரிடம்தான் போவார்கள்.

ஆனால் இந்த வழக்கு எந்த வாசல் வழியாக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மலைப் பெண்கள் ஒரு மனு எழுதி, அது விசாரணைக்கு வந்ததல்ல. சமவெளியில் மனிதர்கள் செத்து விழுந்த பிறகு, சாராயம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் மலையை நிமிர்ந்து பார்த்தார்கள். சந்தேகத்துக்குரிய இடமாக முதலில் கண்ணில் பட்ட மலை, அதன் பிறகுதான் உரிமையுள்ள மனிதர்கள் வாழும் இடமாகத் தெரிந்தது. நீதிபதிகளின் அக்கறையை நான் ஐயப்படவில்லை. கேட்கப்படாமலே கிடைக்கும் நீதியில், கேட்டிருக்க வேண்டியவர் என்ன கேட்டிருப்பார் என்பது தெரியாமலே போய்விடுகிறது என்பதுதான் என் கவலை.

அவர்கள் கேட்டிருந்தால் அதில் காலநிலையும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். காலநிலை மாற்றம் என்ற சொல் அதில் வந்திருக்காது. மானாவாரியாகச் சாமையும் தினையும் விளைந்த மலை இது. இப்போது மரவள்ளி பரவிக் கிடக்கிறது. ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் கிழங்கு மலையிறங்குகிறது. சாமை பொய்த்தாலும் வீட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சும். மரவள்ளி பொய்த்தால் கடன்தான் மிஞ்சும். மழை தவறும் ஆண்டில் ஆண்கள் வேலை தேடிக் கீழே இறங்குகிறார்கள். நிலம், ஆடு மாடு, கிழவர்கள், குழந்தைகள், வற்றிய ஊற்றுக்கு அடுத்த ஊற்றுவரை நீளும் நடை, எல்லாம் பெண்களின் கணக்கில் சேர்கின்றன. வானிலைத் துறையின் அட்டவணையில் மழைக்குறைவாகப் பதிவாகும் ஒன்று இங்கே ஒரு பெண்ணின் இடுப்பில் இன்னொரு நடைக் குடமாக ஏறுகிறது.

இந்தப் பெண்ணுக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? 2024 மார்ச் 21 அன்று எம்.கே.ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று சொன்னது. இந்தியாவில் இப்படி ஓர் உரிமை வெளிப்படையாகப் பெயர் பெற்றது அப்போதுதான். வறியவர்களும் பழங்குடிகளும் பெண்களும் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்பதும் தீர்ப்பில் உண்டு. ஆனால் வழக்கு எதைப் பற்றியது? ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அழிந்துவரும் கானமயிலைக் காக்க மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்ன 2021ஆம் ஆண்டு உத்தரவைப் பற்றியது. சூரிய மின்சாரத்துக்கு அது தடையாகிறது, மாற்றுங்கள் என்று கேட்டது ஒன்றிய அரசு. நீதிமன்றம் இசைந்தது. அந்த இசைவுக்கான காரணங்களில் ஒன்றாகவே புதிய உரிமை பிறந்தது. அரசு கேட்டதைக் கொடுக்கும்போது சொல்லப்பட்ட உரிமை அது. அதன் பேரில் அரசு தன் புகையைக் குறைக்க வேண்டும் என்று எந்த உத்தரவும் பிறக்கவில்லை. அரசு கேட்காததைக் கேட்டுப் போன ஒருவர் இருந்தார். உத்தராகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே தன் 9ஆம் வயதில், 2017ல், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அனுமதி வழங்கும் நடைமுறையிலேயே காலநிலை கவனிக்கப்படுகிறது என்ற வகையில் 2019ல் அந்த மனு முடித்துவைக்கப்பட்டது.

இயற்கையைக் காக்கும் உத்தரவு யார் மேல் விழுகிறது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டு நில உரிமைப் பத்திரத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத் தரச் சொல்கிறது. தன் பெயரில் ஒரு துண்டு நிலம் இல்லாத மலைப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்! தமிழ்நாட்டில் என்ன நடந்தது? காட்டைக் காக்க வேண்டும் என்ற வாதத்தோடு தொடுக்கப்பட்ட வழக்கில், 2008ல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016ல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்த முட்டுக்கட்டை நீங்கியது. 2019 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம், வன உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றச் சொன்னது. நாடெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலைகுலையும் என்று எதிர்ப்பு எழுந்தது. இரண்டே வாரத்தில் நீதிமன்றமே அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

2022ல் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ்.ஸ்ரீமதி, இயற்கை அன்னை உரிமைகளும் கடமைகளும் கொண்ட உயிருள்ள ஆள் என்று அறிவித்தார். நல்ல நோக்கம்தான். இருந்தாலும் அந்த 'அன்னை' எனக்கு உறுத்துகிறது. தாய் என்று போற்றப்படுபவளைப் பேச விடாத மரபு நம்முடையது. அவளுக்காகப் பேசக் காப்பாளர் ஒருவர் எப்போதும் இருப்பார். காடு அன்னையாகி, அவளுக்குக் காப்பாளராக அரசு வந்து நின்றால், அந்தக் காட்டில் விறகும் தேனும் கடுக்காயும் பொறுக்கும் பெண் யாராகிறாள்? ஆக்கிரமிப்பாளர் ஆகிறாள். நிலக்கரி எரித்த புகையில் அவள் பங்கு எவ்வளவு? அந்தப் புகைக்குப் பரிகாரமாகக் காட்டைப் பூட்ட வேண்டும் என்றால், முதலில் பூட்டப்படுவது அவளுடைய பாதைதான்.

அடுத்தது காத்திருப்பு. கல்வராயனை அடுத்திருக்கும் சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல் துறையும் வருவாய்த் துறையும் அந்த ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன 2011 செப்டம்பர் 29க்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. காட்டைக் காப்பது என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்க முடியும் என்பதை வாச்சாத்தி காட்டியது. நீதிமன்றம் நீதி தரும் என்பதையும் காட்டியது. அதற்கான விலையை 31 ஆண்டுகள் செலுத்தியது யார் என்பதையும் சேர்த்தே காட்டியது. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வதும், வாய்தாவுக்கு வாய்தா பேருந்து ஏறுவதும் அந்தப் பெண்களின் வேலையாக இருந்தன. காலநிலை வழக்கும் நீண்ட வழக்காகத்தான் இருக்கும். வழக்கறிஞருக்கு அது தொழில் வாழ்க்கையின் ஒரு பகுதி. ஊற்று வற்றிய ஊரில் இருப்பவளுக்கு அது அவளுடைய ஆயுள்.

அப்படியானால் போக வேண்டாம் என்கிறேனா? இல்லை. வாச்சாத்திப் பெண்கள் தனித்தனியாக நின்றிருந்தால் தோற்றிருப்பார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்றது. ஊரே சாட்சியாக நின்றது. சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் இதையே வேறு வழியில் கண்டுகொண்டார்கள். வெப்ப அலையில் வயதான பெண்கள் கூடுதலாக இறக்கிறார்கள் என்று காட்டி, 2,000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்த ஒரு சங்கம் தன் அரசின் மீது வழக்குத் தொடுத்தது. உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிரித்தன. 2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கூடவே வழக்காடிய நான்கு பெண்களின் தனிப்பட்ட மனுக்களை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. சங்கத்தின் மனுவை ஏற்றது. ஒருத்தியின் மூச்சுத்திணறல் சட்டத்தின் கண்ணுக்குப் போதவில்லை. கூடி நின்றது போதுமானதாக இருந்தது. தீர்ப்புக்குப் பிறகு சுவிஸ் நாடாளுமன்றம் முகம் சுளித்தது என்பதும் உண்மை. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரசைத் தொடர்ந்து நச்சரிக்கவும் அதே சங்கம்தான் தேவைப்படுகிறது.

வெள்ளிமலைக்குச் சங்கத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கிராம சபை இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் விதிகளின்படி, உரிமைகள் பற்றி முடிவெடுக்கும் கிராம சபைக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று 2013ல் உச்ச நீதிமன்றம் கேட்கச் சொன்னது கிராம சபைகளைத்தான். 12 சபைகள் கூடின. 12ம் வேண்டாம் என்றன. நீதிமன்றம் எப்படிப் பயன்படலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று இது. மக்களுக்காக முடிவெடுக்காமல், முடிவெடுக்கும் இடத்தை மக்களிடம் திருப்பிக் கொடுத்த உத்தரவு அது.

பூமி சூடேறிக்கொண்டிருக்கும்போது ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று தோழி ஒருத்தி என்னிடம் வாதிட்டாள். அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளும் நாம், மனு எழுதும் முன் ஒரு கிராம சபைக்குக் காத்திருக்க முடியாது என்பது என்ன நியாயம்? இன்னொரு பக்கமும் உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டும் என்பதற்காக, வழக்கு நடத்தும் சுமையை அவர்கள் தலையில் இறக்கிவிடவும் கூடாது. புகையில் பங்கில்லாதவள் சாட்சியும் சொல்லி, செலவும் செய்து, அலையவும் வேண்டும் என்பது இரண்டாவது அநீதி. பணமும் படிப்பும் நேரமும் உள்ள நாம் சுமக்க வேண்டியது அலைச்சலை. என்ன கேட்பது என்ற முடிவு அவர்களுடையது.

அப்படி ஒரு மனு வெள்ளிமலையிலிருந்து போனால், அதில் புகையைக் குறைக்கும் இலக்கு இருக்கும். அதோடு ஊற்றுகளைக் காக்கும் திட்டமும், சாமைக்கும் தினைக்கும் நியாயமான கொள்முதலும், மழை தவறும் ஆண்டில் ஊரிலேயே வேலையும், இருவர் பெயரிலும் வன உரிமைப் பத்திரமும் இருக்கும். காலநிலையின் பெயரால் எந்தப் பாதையை மூடுவதென்றாலும் முதலில் எங்கள் சபையைக் கேளுங்கள் என்ற கோரிக்கையும் இருக்கும். சட்ட வல்லுநர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, இவற்றில் பாதி காலநிலை வழக்கே இல்லை என்று சொல்லக்கூடும். அந்தப் பாதியை அடித்துவிட்டு மனுவைச் 'சரி' செய்யச் சொன்னால், மறுக்க வேண்டும்.