ஓடுகின்ற கடிகாரமும் உடையவன் கடமையும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கைக்கடிகாரம் ஒன்றைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பவனை உலகம் அறிவாளி என்று கருதுவதில்லை. நோயற்றவன் மருத்துவமனையில் போய்ப் படுத்துக்கொள்வதற்கு ஒப்பான செயலாகவே அது தோன்றுகிறது. நாமும் நெடுங்காலம் அவ்வெண்ணம் உடையவராகவே இருந்தோம். அது தவறு என்பதை ஒரு கடிகாரத்தின் முதுகு மூடி நமக்குக் காட்டிற்று. அத்தவறு தொழில் நுணுக்கம் அறியாமையால் வந்தது மட்டுந்தானா, அன்றி ஒழுக்கத்தைச் சார்ந்ததுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

கடிகாரம் நம் தந்தையாருடையது. அவர் கோலார் தங்கவயலில், சுரங்கத்தின் டைம் ஆபீஸில் எழுத்தராக இருந்தவர். 1956ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையானபோது, தாய்நாடு திரும்பிய ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தம் பொருள்களை விற்றுவிட்டுச் சென்றார். அவற்றுள் ஒன்றான ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கைக்கடிகாரத்தை நம் தந்தையார் கடன் பெற்று வாங்கினார். அவருடைய சம்பளத்துக்கு அது மிகையான பொருள் என்று வீட்டில் பேச்சு இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. சாவி கொடுக்க வேண்டாத வகை அது. கை அசையுந்தோறும் உள்ளே அரைவட்ட வடிவான ஓர் எடை சுழன்று, வில்லை முறுக்கிக்கொண்டே இருக்கும். 2004ஆம் ஆண்டு அவர் மறைந்த பின் அது நம் கைக்கு வந்தது. அன்று தொட்டு 15 ஆண்டுகள், நீராடும் நேரமும் உறங்கும் நேரமும் தவிர, அதை நாம் கழற்றியதில்லை. ஒரு பைசா செலவு வைக்காமல் ஓடுகிறது என்று நண்பர்களிடம் பெருமையும் பேசியிருக்கிறோம். ஞாயிறுதோறும் முள்ளைச் சில நிமிடம் முன்னே தள்ளி வைப்பதை ஒரு குறையாகவே நாம் எண்ணவில்லை.

2019ஆம் ஆண்டு, பெங்களூரில், முதியவரான ஒரு கடிகாரத் தொழிலாளியிடம் அதை எடுத்துச் சென்றோம். இயந்திரத்தின் நலம் கருதிச் சென்றோம் என்று சொல்ல மாட்டோம். மேல் கண்ணாடி கீறல் விழுந்து மங்கியிருந்தது. திருமணம் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணாடியை மாற்றவே சென்றோம். அவர் அதைக் காதருகே வைத்துக் கேட்டார், மெல்ல ஆட்டினார், மறுபடியும் கேட்டார். "திறந்து பார்க்க வேண்டும், ஐயா" என்றார். "ஓடுகிறதே!" என்றோம். "ஓடத்தான் செய்கிறது. எதைத் தின்று ஓடுகிறது என்று பார்க்க வேண்டாமா?" என்றார் அவர்.

அவ்வினாவின் பொருளை அறிய, கடிகாரத்தின் உள்ளே நிகழ்வதைச் சிறிது விளக்க வேண்டும். இவ்வகைக் கடிகாரத்தின் உயிர்நிலை, முன்னும் பின்னுமாக ஆடும் ஒரு சிறு சக்கரம். நம் கடிகாரத்தில் அது மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை, ஆடுகிறது. ஒரு நாளைக்கு 4,32,000. ஓர் ஆண்டுக்கு 15 கோடியே 76 இலட்சத்து 80 ஆயிரம். இக்காலத்து உயர்ந்த கடிகாரங்கள் பலவற்றில் இது நொடிக்கு 8 முறை. அச்சக்கரத்தின் அச்சு முனை ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனமே உடையது. அது துளையிட்ட செயற்கை மாணிக்கக் கல்லில் நின்று சுழல்கிறது. கடிகாரத்தின் முகப்பில் 17 கல், 21 கல் என்று பொறித்திருப்பது அலங்காரத்துக்கு அன்று. எஃகு முனை தேயாமல் சுழல்வதற்கு இடப்பட்ட கற்களின் எண்ணிக்கையே அது. கல்லுக்கும் எஃகுக்கும் இடையே ஊசி முனையளவு எண்ணெய் நிற்கிறது. துளையைச் சுற்றிக் கிண்ணம் போலக் குடைந்திருப்பதால், அத்துளி வெளியே பரவாமல் அங்கேயே தங்குகிறது.

எண்ணெய் என்றென்றும் எண்ணெயாக இருப்பதில்லை. சில ஆண்டுகளில் அது வற்றுகிறது, அல்லது தடித்துப் பிசினாகிறது. உராய்வில் உதிரும் நுண்ணிய உலோகத் தூள் அதனோடு கலக்கிறது. மசகாக இடப்பட்ட பொருள் அப்போது சாணைப் பசையாக மாறி எஃகை அராவத் தொடங்குகிறது. கல் எஃகினும் கடினமானது. எனவே பெரிதும் தேய்வது எஃகே. நாள்தோறும் அணியும் கடிகாரத்துக்கு இதனோடு வியர்வையும் சேர்கிறது. சாவித் திருகின் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போனால், ஈரம் அவ்வழியே நுழைந்து துருவை விளைவிக்கிறது. இவ்வளவும் நிகழும்போது முள் நின்றுவிடுவதில்லை என்பதே கவனிக்கத் தக்கது. வில்லின் வலிமை மிகுதியாதலால், அது தேய்மானத்தையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆட்டத்தின் வீச்சு குறையும். நேரமோ பெரும்பாலும் சரியாகவே காட்டும்.

நிற்க. எண்ணெயைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் வில்லியம் நை என்பவர் நிறுவிய தொழிலகம், கடற்பன்றி, சிறு திமிங்கிலம் ஆகியவற்றின் தாடையிலிருந்து வடித்தெடுத்த எண்ணெயைக் கடிகாரங்களுக்கு விற்றது. குளிரிலும் உறையாத எண்ணெய் என்று அது புகழ்பெற்றிருந்தது. ஒரு துளி எண்ணெய்க்கு ஓர் உயிர்! இன்று வேதியியல் முறையில் ஆக்கிய எண்ணெய்களே பயன்படுகின்றன என்பது நமக்கு ஆறுதல். எண்ணெயின் தேவையையே குறைக்க முயன்றவரும் உண்டு. இங்கிலாந்தின் ஜார்ஜ் டேனியல்ஸ் என்னும் கடிகாரக் கலைஞர், உராய்வு மிகக் குறைந்த ஓர் அமைப்பை 1970களில் கண்டார். பல ஆண்டுகள் நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. 1999ஆம் ஆண்டில்தான் ஒமேகா நிறுவனம் அதைத் தன் கடிகாரங்களில் அமைத்து விற்கத் தொடங்கிற்று. அக்கடிகாரங்களையும் காலம் வந்தால் திறந்து துடைக்கத்தான் வேண்டும்.

முதியவர் நம் கண்ணெதிரே மூடியைத் திருகித் திறந்தார். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய சிறு எழுத்துகள் இருந்தன. பழுதுபார்ப்போர் தாம் திறந்த நாளையும் தம் அடையாளத்தையும் அங்கே கீறி வைப்பது அத்தொழிலின் பழைய வழக்கமாம். அணிபவர் அதைக் காண்பதில்லை. அடுத்துத் திறக்கும் தொழிலாளிக்காக மட்டுமே எழுதப்படுவது அது. உருப்பெருக்கிக் கண்ணாடியை நம்மிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முதற்குறி 1957. அதன்பின் நான்கு ஆண்டுக்கோ ஆறு ஆண்டுக்கோ ஒன்றாக, வெவ்வேறு கைகளால் கீறப்பட்ட ஒன்பது குறிகள் இருந்தன. கடைசிக் குறி 1999. மகன்களின் பள்ளிச் சம்பளத்துக்குத் தவணை கேட்டு அலைந்த காலத்திலும் தந்தையார் இதற்கெனப் பணம் எடுத்து வைத்திருக்கிறார். எங்களிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

1999க்குப் பின் குறி ஏதும் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருந்தது. சுழலும் எடையின் அச்சு தேய்ந்து, எடை சாய்ந்து, சுற்றுந்தோறும் மூடியை உரசியிருக்கிறது. மூடியின் உட்புறத்தில் வில்போல் வளைந்த ஒரு தடம் பளபளவென்று தெரிந்தது. அத்தடம் ஒன்பது குறிகளில் இரண்டைப் பாதிக்கு மேல் அழித்துவிட்டது. உரசி உதிர்ந்த தூள் இயந்திரமெங்கும் கரும்புழுதியாய்ப் படிந்திருந்தது. மூன்றாம் பல்சக்கரத்தின் அச்சு முனையில் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு பைசா செலவில்லாமல் ஓடியது என்று நாம் சொன்னோம் அல்லவா? செலவு இருந்தது, அதைச் செலுத்தியது நாம் அல்ல.

இதில் ஒழுக்கம் எங்கே வந்தது என்று வாசகர் கேட்கலாம். உயிரற்ற பொருளுக்கு மனிதன் கடன்பட்டவனா? இல்லை என்றே நாமும் சொல்வோம். எஃகுக்கு வலி இல்லை. பழுதுபார்க்கச் சொல்லி வலியுறுத்துவோரின் ஆதாயத்தையும் நாம் மறந்துவிடவில்லை. சில நிறுவனங்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்கின்றன, சில பத்து ஆண்டு என்கின்றன. ஒருமுறைக்குக் கேட்கும் கூலியில் ஓர் ஏழைக் குடும்பம் ஒரு மாதம் உண்ணலாம். உதிரி உறுப்புகளை வெளித் தொழிலாளிகளுக்கு விற்க மறுக்கும் பெரிய நிறுவனங்களும் உள. இனி, 1969ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த குவார்ட்ஸ் கடிகாரத்தின் வழித்தோன்றல்கள் சில நூறு ரூபாய்க்கு இவற்றைவிடத் திருத்தமாக நேரம் காட்டுகின்றன. ஆகவே, கடிகாரம் நிற்கும்வரை அணிவது, நின்றபின் தேய்ந்த உறுப்பை மாற்றுவது என்பது நேர்மையற்ற வழி அன்று. உறுப்பு கிடைக்கும் கடிகாரமாயின் இழப்பு பணம் மட்டுமே. பணம் உடையவன் தன் பணத்தை இழந்தால் அது அவன் கணக்கு.

நம் செயல் அவ்வகையைச் சேர்ந்தது அன்று. எண்ணிப் பார்த்து, தேய்ந்தால் தேயட்டும் என்று முடிவு செய்திருந்தோமாயின் அது ஒரு முடிவு. நாமோ எண்ணவே இல்லை. குறை சொல்லாதது நலமாயிருக்கிறது என்று கொண்டோம். அப்படிக் கொள்வது நமக்கு வசதியாக இருந்தது. தினமும் சாவி கொடுக்கும் கடிகாரமாயின், திருகு இறுகுவதையோ தளர்வதையோ விரல் உணர்ந்திருக்கும். தானே முறுக்கிக்கொள்ளும் பொருளோ அச்சிறு தொடர்பையும் நம்மிடமிருந்து நீக்கிவிட்டது. அன்றாடம் நம் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்த ஒன்றை நாம் 15 ஆண்டுகள் பாராதிருந்தோம்.

மனிதனை இயந்திரத்தோடு ஒப்பிடுவது நமக்கு உவப்பன்று. எனினும் தந்தையார் இருந்த டைம் ஆபீஸ் நினைவுக்கு வராமல் இல்லை. ஒவ்வொரு ஷிப்டுக்கும் சுரங்கத்தில் இறங்குவோர் பெயர் அங்கே பதிவாகும். வந்தவன் வந்தான், வாராதவன் வாரான், அவ்வளவே கணக்கு. பாறையைத் துளையிடுகையில் எழும் நுண்துகள் நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்னும் நோயை விளைவிக்கிறது. அது பல்லாண்டுகள் வெளியே தெரிவதில்லை. மூச்சு திணறத் தொடங்கும்போது, நுரையீரலில் விழுந்த தழும்பை மீண்டும் மாற்ற இயலாது. கோலாரில் அதற்கு ஆளானோர் பலர். நம் வாசகர் சிலருடைய பாட்டனாரும் அவருள் இருக்கக்கூடும். இருமல் வரும்வரை அவர்கள் பெயருக்கு நேரே நலமுள்ளவர் என்பதற்கான குறியே இருந்தது. தந்தையார் பிற்காலத்தில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். தம் கையெழுத்து அழகாக இருந்தது என்று கசப்போடு சொல்வார். அவர் தம் கடிகாரத்தைக் காலம் தவறாமல் திறக்கச் செய்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று அவரிடம் கேட்க இனி வழியில்லை.

பணி முடிய ஐந்து வாரம் ஆயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட உறுப்புகளையும் பிரித்துக் கழுவி, புது வில் இட்டு, எடைக்குப் புது அச்சு பொருத்தி, ஓடாத பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து மூன்றாம் சக்கரத்தை எடுத்து அமைத்தார் அவர். அச்சக்கரத்தைச் செய்வார் இன்று இல்லை. உறுப்புகள் மாறிய பின்னும் இது தந்தையாரின் கடிகாரந்தானா என்ற ஐயம் எழுந்தது. மிலிந்த மன்னருக்கு நாகசேனர் தேரைக் காட்டி விளக்கியதை அறிந்த நம் வாசகர்க்கு அவ்வையம் புதிதன்று. ஆகவே அதில் நாம் நெடுநேரம் நிற்கவில்லை. நம்மை வருத்தியது மாறிய சக்கரம் அன்று, அழிந்த இரு குறிகள். உறையை மெருகிட்டுப் புதிதாக்கித் தரவா என்று அவர் கேட்டார். மெருகிடுந்தோறும் சிறிது உலோகம் போகும், விளிம்பு மழுங்கும் என்பதையும் அவரே சொன்னார். வேண்டாம் என்றோம். மங்கிய கண்ணாடியை மட்டும் மாற்றினார். திருமணம் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

மூடுவதற்கு முன் பத்தாவது குறியை அவர் கீறினார். உரசிய தடத்தை மெருகிட்டு மறைக்காமல், அதற்கு அப்பால் கிடந்த வெற்றிடத்தில் 2019 என்று எழுதினார். தொகையைப் பெற்றுக்கொண்டு, "ஐந்து ஆண்டு கழித்துக் கொண்டுவாருங்கள், ஓடினாலும் கொண்டுவாருங்கள்" என்றார்.

2024ஆம் ஆண்டு சென்றோம். முதியவர் உள்ளே வேலையில் இருந்தார். முன்னால் அவரிடம் தொழில் பயிலும் இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். கடிகாரத்தை வாங்கிப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, "நேரம் சரியாகத்தானே இருக்கிறது, ஐயா. என்ன கோளாறு?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றோம். இளைஞர் நம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.