யார் வீட்டுக் கூரை?

ஒருவருக்குச் சொந்தமான வீட்டின் கூரை ஒழுகுகிறது. அதை ஊர்ப்பணத்தில் மாற்றித் தரலாமா? "எதுக்கு? அவர் வீடு, அவர் பாடு" என்பதுதான் சட்டென்று வரும் பதில். இங்கிலாந்தின் பழைய தொழில் நகரங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தப் பதில் எனக்குப் போதாமல் போயிற்று.

பர்மிங்ஹாமிலோ லிவர்பூலிலோ தொழிலாளர் குடியிருப்புகள் என்றால் வரிசை வீடுகள். இரு வீட்டுக்கு ஒரு பொதுச்சுவர், தெரு முழுக்க ஒரே நீளக் கூரை. ஒருவர் கூரையைக் கவனிக்காமல் விட்டால் ஈரம் அடுத்தவர் சுவரில் ஏறும். பண விஷயம் இன்னும் மோசம். பக்கத்து வீடு பாழடைந்து கிடந்தால், நான் செலவழித்த தொகை என் வீட்டு விலையில் திரும்பி வராது. அதனால் அவர் ஆரம்பிக்கட்டும் என்று நான் காத்திருக்கிறேன், நான் ஆரம்பிக்கட்டும் என்று அவர் காத்திருக்கிறார். என் துறையில் இதை டெட்லாக் என்போம். யாருமே முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை, ஆனாலும் எல்லாம் நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்துதான் முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

1970களின் கடைசியில் பர்மிங்ஹாம் நகர கவுன்சில் அதைச் செய்தது. ஒரு வரிசையை மொத்தமாக எடுத்துக்கொண்டு கூரை, புகைபோக்கி, ஜன்னல், வெளிச்சுவர் எல்லாவற்றையும் உரிமையாளரிடம் காசு வாங்காமலே சரிசெய்தது. உள்ளே செய்யும் வேலைக்குத் தனியாக மானியம். வீட்டுக்கு உறை போடுவது போல என்பதால் 'என்வலப்பிங்' என்று பெயர்.

இதில் ஒரு அநியாயம் இருக்கத்தான் செய்கிறது. வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடு மாற்றாத ஆளுக்கும் புதுக்கூரை கிடைக்கிறது. சேமிப்பைப் போட்டு முன்பே மாற்றியவருக்கு ஒன்றும் இல்லை.

சரி, அப்படியென்றால் இடித்துவிடலாமா? 2002இல் தொடங்கிய பாத்ஃபைண்டர் திட்டம் பெருமளவு அந்த வழியில் போனது. வட இங்கிலாந்திலும் மிட்லண்ட்ஸிலும் ஒன்பது பகுதிகள். பல வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன, ஆனால் 2011இல் அரசு பணத்தை நிறுத்துவதற்குள் ஏறத்தாழ முப்பதாயிரம் வீடுகள் இடிபட்டிருந்தன. ஒரு தெருவை இடிக்கப்போவதாகச் செய்தி பரவிவிட்டால் அங்கே யார் வீடு வாங்குவார்கள்? எந்த உரிமையாளர் ஓடு மாற்றுவார்? வாங்கிய வீடுகளைத் தகரம் அடித்து மூடுகிறார்கள், நடுவில் மிச்சம் இருக்கும் குடும்பங்கள் இருட்டுத் தெருவில் வாழ்கின்றன. "பாருங்கள், இங்கே யாரும் இருக்க விரும்பவில்லை" என்று சொல்வதற்கான ஆதாரத்தைத் திட்டமே தயாரித்துவிடுகிறது.

லிவர்பூலின் கிரான்பி பகுதியில் இந்தக் காலியாக்கம் 1981 கலவரத்துக்குப் பிறகே ஆரம்பித்துவிட்டது. மிஞ்சியிருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், மூடிய வீடுகளுக்கு வண்ணம் அடித்தார்கள், தெருவில் செடி வைத்தார்கள், சந்தை நடத்தினார்கள். 2011இல் சமூக நில அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். கவுன்சில் பத்து வீடுகளை அதனிடம் கொடுத்தது. அங்கே வேலை செய்த அசெம்பிள் குழுவுக்கு 2015இல் டர்னர் பரிசு கிடைத்தது. அதே நகரம் 2013 முதல் ஒரு பவுண்டுக்கும் வீடு கொடுத்தது. நிபந்தனை, சொந்தச் செலவில் பழுதுபார்த்து ஐந்து ஆண்டு அங்கேயே வாழ வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் பழுதுபார்க்கக் கையில் பணம் இருப்பவர்தான் அந்த ஒரு பவுண்டை நீட்ட முடியும்.

ஊர்ப்பணம் தனியார் கூரைக்குப் போகலாம் என்றே நான் நினைக்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, தெரு முழுவதற்கும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒற்றை வீட்டுக்குச் செய்தால் அது வெறும் பரிசு. இரண்டு, இப்போது அங்கே வாழ்பவர் தொடர்ந்து வாழ வேண்டும். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றி அவரை வெளியே தள்ளினாலோ, லாபத்துக்கு விற்றாலோ செலவு ஊருக்குத் திரும்ப வர வேண்டும்.

முன்பே தன் கூரையை மாற்றியவருக்கு என்ன பதில்? அவர் போட்ட பணம் இத்தனை நாளும் பக்கத்து வீட்டின் ஒழுகலில் மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் போடும் புதுக்கூரை அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் மீட்கிறது. முழு நியாயம் இல்லை. ஆனால், தெருவே இடிபட்டிருந்தால் அவர் கூரையும் அதோடு போயிருக்கும்.