அன்னமிட்ட கையில் ஒரு தழும்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதை எழுதினேன். நான் படித்த தொடக்கப் பள்ளியின் சத்துணவு ஆயாவைப் பற்றியது. அவருடைய வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வழவழப்பான ஒரு தழும்பு இருந்தது. கஞ்சி வடிக்கும்போது பட்ட சூடு. கவிதையில் அந்தத் தழும்பைப் பிறை நிலவாக்கியிருந்தேன். புகையில் சிவந்த அவருடைய கண்களைத் தாய்மையின் அடையாளமாக்கியிருந்தேன். மகளிர் நாள் கூட்டமொன்றில் வாசித்தபோது நல்ல கைத்தட்டல் கிடைத்தது. கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சத்துணவு மையத்தில் சமையலராக இருக்கும் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“கவிதை நல்லாருந்துச்சும்மா. அந்த அம்மாவுக்கு மருந்துச் செலவ யாரு குடுத்தாங்கன்னுதான் எழுதல.”

அவர் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படியொரு கேள்வி இருப்பதே அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

தாய்மை என்று பெயரிடப்பட்ட ஒரு வேலையில் காயம் பட்டால் அந்தக் காயம் யாருடைய கணக்கில் சேரும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

என் கல்லூரிக்கு விடுமுறையாகவும் பள்ளிக்கு வேலைநாளாகவும் இருந்த ஒரு நாளில் அந்த அக்காவின் சமையலறைக்குப் போனேன். சாப்பிடும் பிள்ளைகள் 120 பேர். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்றால் 12 கிலோ. உலைநீரும் சேர்ந்தால் அந்தப் பாத்திரம் 40 கிலோவைத் தாண்டும். அதை அடுப்பிலிருந்து இறக்கிச் சாய்த்து வடிக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம், கையில் நனைத்த பழந்துணி. இருவரும் மூச்சைப் பிடித்து ஒரே நேரத்தில் சாய்க்க வேண்டும். ஒருவர் கொஞ்சம் முந்தினாலும் கொதிகஞ்சி மற்றவர் காலில் விழும். தரை ஏற்கெனவே ஈரம். காலில் ரப்பர் செருப்பு. உடுத்தியிருப்பது பாலியஸ்டர் சேலை. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இந்த அறையில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனால் சாம்பாரும் சோறும் ஒரே நேரத்தில் ஆக வேண்டும் என்பதால் பின்பக்கம் விறகடுப்பும் எரிகிறது. கழிப்பறை பிள்ளைகளுடையது, மணியடித்து வகுப்பு தொடங்கிய பிறகே போக முடியும். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்றார். அடுப்பின் முன்னால் நான்கு மணி நேரம், தண்ணீர் குடிக்காமல்.

அன்று அவருக்குக் காய்ச்சல். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். “நான் லீவு போட்டா அவ தனியா வடிக்கணும்மா” என்று உதவியாளரைக் காட்டினார். இருவர் தூக்க வேண்டியதை ஒருவரால் தூக்க முடியாது என்பது ஒரு பாதுகாப்பு விதியாக எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டு பெண்களுக்கு இடையிலான அக்கறைதான் அந்த விதியின் இடத்தில் இருக்கிறது.

நம் பள்ளிகளில் மதிய உணவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920களில் நீதிக்கட்சியினர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது, 1956இல் காமராசர் விரித்தது, 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக்கியது, 2022இல் காலை உணவாகவும் நீண்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தலைவரின் பெயர் இருக்கிறது. அந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. நான் அந்தச் சோற்றில் வளர்ந்தவள். ஆனால் அதைச் சமைத்தவர்களை நாம் பெயரால் நினைவுகூர்வதில்லை. ஆயா, அம்மா, அக்கா என்ற உறவுச் சொற்களால் நினைவுகூர்கிறோம். அன்பான சொற்கள்தான். ஆனால் ஆலையில் கை நசுங்கினால் அது விபத்து. அம்மாவின் கையில் கஞ்சி ஊற்றினால் அதற்குப் பெயர் ‘சூடு பட்டுருச்சு’. வீட்டுச் சமையலறையில் பெண்ணின் காயம் எப்போதும் அவளுடைய கவனக்குறைவாகவோ தலையெழுத்தாகவோதான் இருந்துவந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தை அப்படியே பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சமையல் பெண்ணுக்கு இயல்பாகவே வரும் என்று நம்புகிறவர்கள் அதை ஒரு திறமையாக எண்ணிக் கூலி தருவதில்லை. அதே நம்பிக்கையால் அதன் ஆபத்தும் இயல்பானதாகிவிடுகிறது. நான்கு பேருக்குச் சமைப்பதும் நானூறு பேருக்குச் சமைப்பதும் ஒரே வேலை அல்ல. நடுவண் அரசின் திட்டத்தில் சமைப்பவர்களுக்கு 2009இல் வகுத்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மட்டும். மாநிலங்கள் அதற்கு மேல் கூட்டித் தருகின்றன. மதிப்பூதியம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கூலி வாங்குபவர் தொழிலாளி. மதிப்பூதியம் வாங்குபவர் தொண்டு செய்பவர். தொண்டுக்கு விபத்து இழப்பீடு கேட்பது அநாகரிகமாகத் தோன்றும்படி அந்தச் சொல்லே பார்த்துக்கொள்கிறது. இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. பணியிடப் பாதுகாப்புக்காக 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தொகுப்போ, பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தையே நிறுவனமாகக் கணக்கில் எடுக்கிறது. இரண்டு மூன்று பெண்கள் நிற்கும் அடுப்படி அந்தக் கணக்குக்குள் வராது.

பள்ளிச் சமையலறையில் பாதுகாப்பே பேசப்படுவதில்லை என்று சொல்ல மாட்டேன். நிறையப் பேசப்படுகிறது. கை கழுவ வேண்டும், நகம் வெட்ட வேண்டும், தலையில் துணி கட்ட வேண்டும், பரிமாறும் முன் உணவை ருசித்துப் பார்க்க வேண்டும். எல்லாமே பிள்ளைகளுக்காக. எல்லாமே தேவைதான். ஆனால் இந்த விதிகளின் பார்வை ஒரே திசையில் போகிறது. சமைக்கும் பெண்ணின் உடல் இங்கே ஒரு சந்தேகப் பொருள், அல்லது ஒரு கருவி. அவளிடமிருந்து உணவைக் காப்பாற்ற வேண்டும். அவளை வைத்து உணவைச் சோதிக்க வேண்டும். உணவில் நஞ்சிருந்தால் முதலில் விழப்போவது யார் என்று அந்த ருசிபார்க்கும் விதியிடம் நாம் கேட்டதில்லை.

2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெயில் சமைத்த உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். அதைச் சமைத்த பெண்ணும் உண்டு மருத்துவமனையில் கிடந்தார். எண்ணெய் சரியில்லை என்று சமையலறையிலிருந்து சந்தேகம் எழுந்ததாகவும், அதையே வைத்துச் சமைக்கச் சொல்லப்பட்டதாகவும் அப்போது செய்திகள் வந்தன. தலைமையாசிரியை 2016இல் தண்டிக்கப்பட்டார். என் மனதில் நின்றது வேறு. ‘இதை நான் சமைக்க மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை சமைக்கும் பெண்ணுக்கு இருக்கும் ஒரு பள்ளியில் என்ன நடந்திருக்கும்?

அதற்குச் சரியாக ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2004 ஜூலை 16இல், கும்பகோணம். சமையலறைக் கீற்றுக்கூரையில் பற்றிய தீ வகுப்பறைகளுக்குப் பரவியது. 94 குழந்தைகள். அந்த எண்ணைச் சொல்லும்போது தமிழ்நாட்டில் எவருக்கும் குரல் தாழும். 2014இல் வந்த தீர்ப்பில் தண்டிக்கப்பட்டவர்களுள் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் இருந்தனர். தீர்ப்பின் சரி தவறை நான் பேச வரவில்லை. பிள்ளையை இழந்தவர்களின் முன் அதைப் பேச எனக்குத் தகுதியுமில்லை. கேட்க விரும்புவது ஒன்றுதான். கீற்றுக்கூரைக்கு அடியில் அடுப்பு எரியக் கூடாது என்ற அறிவு தீக்குப் பிறகு எல்லோருக்கும் வந்தது. தீக்கு முன்னால், தினமும் அந்தக் கூரைக்குக் கீழே நின்ற பெண்ணின் உடல் அந்த ஆபத்தில்தான் இருந்தது. சமைக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பில்லாத இடம் பிள்ளைக்கும் பாதுகாப்பில்லாத இடம். அவளுடைய ஆபத்தைப் பார்க்க மறுத்ததால் பிள்ளைகளின் ஆபத்தையும் பார்க்கத் தவறினோம். பழி வரும்போது மட்டும் அவள் பொறுப்புள்ள பணியாளர் ஆனாள்.

அதிகாரம் இல்லாத இடத்தில் பொறுப்பை மட்டும் வைப்பது அறமாகாது. கூரையை மாற்ற முடியாது, எண்ணெயை மறுக்க முடியாது, ஆள் கேட்க முடியாது. ஏதாவது நேர்ந்தால் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது எப்படி நியாயம்?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்றை அந்த அக்காவே என்னிடம் சொன்னார். “புள்ளைங்க வயிறாறச் சாப்பிட்டா போதும்மா, இந்தச் சூடெல்லாம் ஒரு சூடா.” அவர் பொய் சொல்லவில்லை. அந்த அன்பைப் பொய்யான உணர்வு என்று ஒதுக்கும் பெண்ணியத்தில் எனக்கு விருப்பமில்லை. தன் காயத்தைப் பொருட்படுத்தாமலிருக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதைப் பொருட்படுத்தாமலிருக்க எனக்கும் அரசுக்கும் உரிமை இல்லை. ஒருவர் அன்பினால் தாங்கிக்கொள்வதை, அந்த அன்பினால் பயன்பெறுபவர் தள்ளுபடியாக எடுத்துக்கொள்ள முடியாது. சொல்லப்போனால் அன்பு செய்கிறவரிடம் நாம் படும் கடன் கூடுகிறது, குறைவதில்லை.

கேட்கப்படுவதும் பெரிதல்ல. புகைபோக்கி, வழுக்காத தரை, இடுப்புயர மேடை. இரண்டு பெண்கள் தூக்கக்கூடிய அளவில் பாத்திரங்கள். கால் மூடும் செருப்பு, வெப்பம் தாங்கும் கையுறை, பருத்தி மேலங்கி. தனியாக வடிக்கக் கூடாது என்ற விதி, அதைக் கடைப்பிடிக்க வேண்டிய ஆட்கள். தீக்காயத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் இருபது நிமிடமாவது காட்ட வேண்டும் என்ற எளிய பயிற்சி, அதற்கு ஒரு குழாய். சம்பளத்தோடு விடுப்பு, சிகிச்சைச் செலவு. ஒரு விபத்துப் பதிவேடு. மீதமான முட்டைக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதும் அந்த அறையில் காயங்களுக்குக் கணக்கெழுத ஒரு நோட்டு இல்லை.

கவிதையைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன், அந்த ஆயாவுக்கு மருந்துச் செலவை யார் கொடுத்தார்கள் என்று. அம்மாவுக்கு நினைவிருந்தது. “மருந்தா? வாத்தியார்கிட்ட மை வாங்கித் தடவிக்கிட்டா. மறுநாளே வந்துட்டா. வரலேன்னா வேலை போயிருமே.”

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மறுநாளும் மணி அடித்திருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றிருப்பேன். அந்தக் கையால் அவர் எனக்குச் சோறு போட்டிருப்பார்.